கண்ணிமைப்பில் பாதி

ஐயா,

எங்கள் வேனில் எட்டுப் பேர் உட்காரலாம். மெல்லிசைக் குழுவிலும் எட்டுப் பேர்தான். ஆனால் ட்ரம்ஸ் செட்டை ஏற்றினால், ஒருவர் பெரிய ட்ரம்மை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அந்த ஒருவர் எப்போதும் நான், கீபோர்டு வரதன்.

ட்ரம்மர் பால்ராஜ் ஏன் விலகினான் என்று சங்கச் செயலாளராகிய தாங்கள் கேட்டு எழுதியிருந்தீர்கள். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1994 ஆடி மாதக் கச்சேரிகளுக்கு முன்பு, ட்ரம்ஸுக்குப் பதில் ரப்பர் பேடு வாங்க யோசனை சொன்னேன். பேடைத் தட்டினால் அதில் சத்தம் வராது. என் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும், அதுதான் ஸ்பீக்கரில் முழங்கும். குழுத் தலைவர் லோகநாதன் ஒப்புக்கொண்டார். வேனில் எனக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் விசில் என்னவோ பால்ராஜுக்கே விழுந்தது.

எனவே சேக்காட்டுக் கச்சேரியில், அவன் அடியைக் கண்ணிமைப்பில் கால்வாசி தாமதித்து ஒலிக்கும்படி கம்ப்யூட்டரில் வைத்தேன். அடுத்த கச்சேரியில் பாதி. திடீரென்று கூட்டினால் கண்டுபிடித்துவிடுவான் அல்லவா? எதையும் படிப்படியாகச் செய்வது என் வழக்கம்.

சென்னீர்குப்பத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "இன்னா மாமே, அடி லேட்டா வருது? பஸ்ஸு கெடைக்கலியா?"

ஒத்திகையில் மட்டும் தாமதத்தை எடுத்துவிடுவேன். பிசகாமல் வாசிப்பான். "மேடைன்னா பயம் பூந்துக்கிச்சு நைனா உனக்கு" என்றார் அவனிடம் லோகநாதன்.

ஒருநாள் பால்ராஜ் என் வீட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். "அண்ணாத்தே, மனசு சொல்றத கை கேக்க மாட்டேங்குது. நரம்புல எதுனா கோளாறு கீதா பாரேன்."

பார்த்தேன். ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் நானே அழைத்துப் போனேன், சீட்டும் நானே வாங்கினேன். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "அவுங்க அப்டித்தான் சொல்லுவாங்க, நீ மனச தளர உடாத" என்று தேற்றினேன்.

அன்று முதல் அவன் கையில் டீ கிளாஸ் நடுங்க ஆரம்பித்தது. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

தை மாதம் விலகினான். இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். ஒத்திகையில் அவன் அடித்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தேன். இன்றைக்கும் மேடையில் அதுதான் ஒலிக்கிறது, அதற்குத்தான் விசில் அடிக்கிறார்கள். ஆகவே அவனைக் குழுவிலிருந்து நீக்கியதாகச் சொல்வது சரியல்ல.

போன வாரம் லோகநாதன் கேட்டார்: "ஏன் வரதா, இந்தப் பொட்டி கீபோர்டும் வாசிக்குமா?"

வாசிக்காது என்றேன்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.