கொய்யாக்காட்டில் பிறந்தவள்

என் மேசையில் ஒரு சொட்டு மைக்கறை இருந்து யாரும் பார்த்ததில்லை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனுக்கு அது லேசான காரியமில்லை, நவமணி. தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்து, உன் அம்மா ஏன் கப்பலேறினாள் என்று கேட்கிறாய். வாயால் சொன்னால் நாளைக்கு நீ கண் மூக்கு வைத்துப் பேசுவாய். அதனால் எழுதியே தருகிறேன்.

எழுபதாம் வருடம். இந்த நாட்டில் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் அதை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை பெர்மிட். இரண்டும் கிடைக்காதவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். உன் அப்பா மாயாண்டிக்குக் குடிமகனுக்குரிய நீல அட்டை. உனக்கு ஒன்பது வயது, பிறப்புப் பத்திரம் இருந்தது. உன் அம்மா நல்லம்மாளுக்கு மட்டும்தான் சிவப்பு. விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, ஈப்போவுக்கு அனுப்புவது என் வேலை.

அவள் பாரத்தில் ஒரே ஒரு பிழை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் உன் அப்பா 'கொய்யாக்காடு' என்று எழுதியிருந்தான். துரை வைத்த பெயர் ரப்பர் பால் வெட்டும் ஜனங்களின் வாயில் என்றைக்கு நுழைந்தது? ஒவ்வொரு தோட்டத்துக்கும் தாங்களாக ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். சிலிம் ரிவர் பக்கத்து டன்கெர்ரி தோட்டம்தான் கொய்யாக்காடு. எனக்குத் தெரியும், ஈப்போ அதிகாரிக்குத் தெரியாது. அவருடைய பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது. மற்றவர்கள் பாரத்தில் இதே பிழையை நானே அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்து வைத்தேன். அரை நிமிட வேலை.

அவளிடம், "தப்பு இருக்கு. வேற எழுதிட்டு வா" என்றேன்.

"எங்கங்க ஐயா?"

"நீயே பாரு."

நான் பொய் சொல்லவில்லை. அடுத்த முறை படத்தை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த முறை, சரியாக இருந்த வயதை மாற்றினாள். "இப்பயாவது சரியா இருக்குங்களா?" என்றாள். இல்லை என்றேன். நான்காவது பாரத்தோடு உன் அப்பாவும் வந்தான்.

"கிராணி, எந்தக் கட்டம்னு மட்டும் சொல்லுங்க. புள்ளைய விட்டுட்டு அவ எங்க போவா? அங்க அவளுக்கு யாரத் தெரியும்?"

"பாரத்தை வெச்சிட்டுப் போ. பாக்குறேன்" என்றேன். பார்க்கவும் செய்தேன். முத்திரை மட்டும் குத்தவில்லை.

காரணம் கேட்பாய். அதற்கு முந்தின வருடம், பால் நிறுக்கும் இடத்தில் இன்னொரு வெட்டுக்காரி மாரியம்மாவின் வாளிக் கணக்கை உன் அம்மா பெயரில் எழுதிவிட்டேன். பேசாமல் இருந்திருந்தால் அவளுக்குத்தான் லாபம். "ஐயா, மாரியம்மா அக்கா பால என் பேருல ஏத்திட்டீங்க லா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். தூக்கக் கலக்கமா கிராணி என்று கங்காணிகூடக் கேட்டான். அவர்கள் கண் முன்னாலேயே என் ஏட்டில் நானே அடித்துத் திருத்தினேன். பிழையை யாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் அவள். அந்த நினைப்பைத்தான் தீர்த்தேன்.

கெடு முடிந்தது. பினாங்கிலிருந்து தனியாகக் கப்பலேறினாள். பார்த்தறியாத நாகப்பட்டினத்தில் இரண்டாம் வருடம் மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள். கடிதம் ஆபீசுக்குத்தான் வந்தது. உன் அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் நானே வாசித்துக் காட்டினேன்.

மற்றபடி என்னைக் கடமை தவறியவன் என்று நீ சொல்ல முடியாது. கப்பல் போன மறுநாள் அந்த நான்காவது பாரத்தை எடுத்தேன். கொய்யாக்காட்டை அடித்துவிட்டு டன்கெர்ரி என்று எழுதினேன். வயதையும் திருத்தினேன், கையெழுத்து வைத்தேன், முத்திரை குத்தினேன். இதோடு இணைத்திருக்கிறேன். உட்கார்ந்து நிதானமாகப் பார், ஒரு பிழை இருந்தால் சொல்.

அர்ச்சுனன்