பின்சில்லும் புது டயரும்

கிண்ணியா பஸ் புறப்படக் காத்திருந்தபோது, எனக்கு முன் இருக்கையில் கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் தன் நண்பரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“காரின்ட பின்பக்கம் என்னை முந்திப் போகப் பார்த்தது, மச்சான்.”

“மழையிலயா?”

“ஓம். தம்பலகாமம் வளைவில. மெதுவாத்தான் போனனான். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சதும் கார் சுத்தி வயலுக்குள்ள இறங்கிட்டுது.”

“பெரிய எஞ்சின், அவ்வளவு இழுவையும் பின்சில்லுக்குத்தான் வருது. பின்னுக்கு என்ன டயர்?”

“தேஞ்சது. முன்சில்லுதானே திரும்புது எண்டு புதுசு ரெண்டையும் முன்னுக்குப் போட்டனான்.”

“அதுதான் பிழை. முன்னுக்கு வழுக்கினா காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் விலகினா பிடிக்க ஏலாது. நல்ல டயர் பின்னுக்குத்தான் இருக்கணும்.”

பஸ் புறப்பட்டது. துறைமுகத்துக் கப்பல்கள் மறைந்ததும் கட்டுப் போட்டவர் நண்பர் பக்கம் திரும்பினார்.

“பின்சீட்டில இருந்த எங்கட பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்ல. ஆனா மனிசி பிள்ளையைத் தூக்கிட்டு குறிஞ்சாக்கேணிக்கு, அவட உம்மா வீட்ட போயிட்டா. நான் கண்மண் தெரியாம கார் ஓடினனான் எண்டு நினைக்கிறா. அங்க போனதும் நீதான் அவவுக்கு விளங்கப்படுத்தணும்.”

“விளங்கப்படுத்துறன். ஆனா டயரைப் பிழையாப் போட்டது நீதான் எண்டும் சொல்லவேண்டி வரும்.”



“ஓம். முதல்ல அதை நானே சொல்லுறன்.”