ஐஸில் வந்த இரத்தத்தை நம்பாத அஜீஸுன்னிசா அம்மையாருக்கு

ஐயத்தையே அணிகலனாய் அணிந்த அம்மையே! குருதியைக் குறுக்கு விசாரணை செய்த கோமகளே! நாயின் நோயையும் பூனையின் பிணியையும் நாள்தோறும் கண்ணாடித் தகட்டில் கண்டு, கண்டதையும் உடனே நம்பாத கண்மணியே! திண்டுக்கல்லில் செல்லப் பிராணிகளின் இரத்தம் பார்க்கும் நம் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து, இன்று எழுந்து போகும் உங்களுக்கு, உடன் உழைத்தவர்கள் கூடி உரைக்கும் மடல் இது.

மலையே, கடலே என்று எழுதச் சொன்னார்கள். மலைக்கோட்டை சன்னலுக்கு நேரே நிற்கிறது. அதற்கும் உங்களுக்கும் ஓர் ஒற்றுமையும் எனக்குத் தெரியவில்லை. கடலை நான் பார்த்ததே இல்லை. கடிக்கிற நாயைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. மூத்தவன் என்று சொல்லி இதை என் தலையில் கட்டினார்கள். அதிலும் ஏதோ உள்குத்து இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டவர்கள் ஒருவரும் இதைப் படித்துப் பார்க்கவில்லை. நீங்களாக இருந்தால் படித்திருப்பீர்கள்.

அன்னையே! நீங்கள் யாரையும் நம்பியதில்லை. அதுவே உங்கள் அருங்குணங்களில் தலையாயது. "எப்ப எடுத்த ரத்தம்? எதுல வச்சுக் கொண்டாந்தீங்க? பேரை யாரு எழுதுனது?" என்று கேட்டுக் கேட்டு, டியூப் கொண்டுவந்தவர்களையெல்லாம் திருடனைப் போல முழிக்க வைத்தீர்கள். இரத்தம் பார்க்கும் புது மிஷினுக்கு முதலாளி பூசை போட்டபோது, "இது பொய் சொன்னா நமக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று என் காதில் கேட்டீர்கள். அன்றுதான் உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆயக்குடி நாச்சிமுத்துவின் நாயை இந்த அவை மறக்கலாமா? கொய்யாத் தோப்புக் காவல் நாய், ஈறு வெளுத்து எழ மாட்டாமல் கிடந்தது. வெயிலில் இரத்தம் கெட்டுவிடக் கூடாதென்று அவர் டியூபை ஐஸுக்குள் புதைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். தகட்டில் இரத்த அணுக்கள் கொத்துக் கொத்தாய் ஒட்டிக் கிடந்தன. உடம்பின் காவலே சொந்த இரத்தத்தை அந்நியன் என்று அடித்துக் கொல்லும் நோய் இது என்று டாக்டர் பிரபு முடிவு கட்டினார். அந்தக் காவலைப் படுக்கப் போடும் மருந்துக்குச் சீட்டும் எழுதியாயிற்று.

நீங்களோ டியூபை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏனுங்கம்மா, என்ற நாய் மேலயே சந்தேகமுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"நாய் மேல இல்லைங்க. உங்க ஐஸ் மேல."

சூடு கண்டதும் கொத்து பிரிந்தது. குளிரில் ஒட்டியதே தவிர நோயில் ஒட்டவில்லை. மறுபடி தேடியபோது, அணுவுக்குள் உண்ணிக் காய்ச்சல் கிருமி பல்லிளித்தது. காவலைப் படுக்கப் போட்டிருந்தால் அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டிருப்போம். நாய் பிழைத்தது. பிழைத்து, அடுத்த முறை வந்தபோது என்னைத்தான் கடித்தது. நன்றியுள்ள பிராணி என்கிறார்கள். அதையும் நான் நம்புவதில்லை.

பெருமாட்டியே! இன்று எல்லோரும் இப்படிச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சால்வை போர்த்தும் முன்பே உங்கள் நாற்காலியைத் துடைத்துவிட்டார்கள். "இனிமே எல்லாத்தையும் மிஷினே பாத்துக்கும் பெருசு" என்கிறார் முதலாளி. எதில் வைத்துக் கொண்டுவந்தாய் என்று மிஷின் கேட்குமா?

காலையில் சித்தையன்கோட்டை பாஸிலாவின் பூனை இரத்தம் வந்தது. தகட்டில் அதே கொத்து. அதே காவல் நோய் என்று ரிப்போர்ட்டும் அடித்தாயிற்று. மாலையில் மருந்து தொடங்கப் போகிறார்கள். "எதுல வந்துச்சுன்னு கேட்டீங்களாடா?" என்றேன். "விழா நேரத்துல ஏன் பெருசு உசுர வாங்குற?" என்றார்கள். டியூப் வந்த பையில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நூறாண்டு வாழ்க என்பது மரபு. வாழ்த்தியவுடன் வாழ்ந்துவிடுவார்களா? ஆகவே நோயின்றி வாழுங்கள்; நோய் என்று எவனாவது சொன்னால் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் ஒளியும் கையின் சூடும் குன்றாமல் நெடுநாள் வாழ்க!

இம்மடலை நான் ஒற்றைக் கையால் பிடித்துப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடக் கை முதலிலிருந்தே பொத்தியிருக்கிறது. உள்ளே இருப்பது பாஸிலா அனுப்பிய டியூப். என் கைச் சூட்டின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கழுத்து மாலையைக் கழற்ற வேண்டாம். மடலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் இதை வாங்குங்கள், தாயே!

ஐயமும் அன்பும் மாறாத
கையெழுத்திட்ட ஆய்வுக்கூடப் பணியாளர்கள் சார்பில்,
சடையாண்டி
திண்டுக்கல்