மதியப் பை

யுவராணி: நூத்திப் பதினெட்டு… நூத்திப் பத்தொம்பது… நூத்தி இருவது. எப்படிங்க்கா?

லூர்தம்மாள்: என்னா எப்படி? நூத்தி இருவது குடுத்தாங்க, நூத்தி இருவது காலிப் பை திரும்ப வந்துடுச்சு. கழுவி, கவுத்து, நெழல்ல காய வெச்சு, நாலா மடிச்சு… உங்க ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு மெடலே குடுக்கணும்.

யுவராணி: குடுக்கலாங்க்கா. ஆனா எனக்கு ஒண்ணுமே புரியல. அண்ணன இன்னொரு வாட்டி எடை மெஷின்ல ஏறச் சொல்லுங்க.

சவரிமுத்து: மூணு வாட்டி ஏறிட்டன். மெஷினு தேஞ்சிடும்.

யுவராணி: ஏறுங்கண்ணா.

சவரிமுத்து: இந்தா… அறுபத்தி நாலு. அதேதான்.

யுவராணி: போன மாசம் வந்த சிஸ்டரு அறுபதுன்னு எழுதியிருக்காங்க. கால நீட்டுங்க… பாருங்க, வெரல் வெச்ச எடம் குழியாவே நிக்குது.

சவரிமுத்து: அம்பத்தாறு வயசுல கொஞ்சம் சதை போட்டா குத்தமா?

லூர்தம்மாள்: சதையாம் சதை! செருப்பு உள்ள போவுல. தையல் மெஷினு மிதிக்கக் கால் வெக்க முடியல…

சவரிமுத்து: இந்தா லூர்து, அவங்க கேட்டாங்களா அதெல்லாம்?

யுவராணி: இருங்க, நான் எனக்கே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறன். நாளைக்கு நாலு பை. காலைல, மதியம், சாயங்காலம், படுக்கறப்ப. ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு லிட்டர் மருந்துத் தண்ணி வயித்துக்குள்ள எறக்கறீங்க. கிட்னி செய்யற வேலைய அது செஞ்சு, கெட்டத இழுத்துக்கிட்டு வெளிய வருது. முப்பது நாளைக்கு நூத்தி இருவது பை. எல்லாம் காலியா திரும்பி வந்திருக்குது. அப்புறம் எங்கிருந்துண்ணா இந்த நாலு கிலோ தண்ணி?

சவரிமுத்து: நீங்கதான் படிச்சவங்க. நான் டெய்லரு.

யுவராணி: உப்பு?

லூர்தம்மாள்: உப்பு டப்பா என் கட்டிலுக்கு அடியில கெடக்குது.

யுவராணி: ஊறுகா? கருவாடு?

லூர்தம்மாள்: மாதா சத்தியமா இல்ல. போன ஞாயித்துக்கெழமை ஒகேனக்கல்லேர்ந்து என் தம்பி மீனு வாங்கிட்டு வந்தான். வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டன்.

சவரிமுத்து: வறுத்த மீனு… வாசன மட்டும் உள்ள வந்துட்டுப் போச்சு.

யுவராணி: வாசனைக்கு எடை ஏறாதுண்ணா. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?

சவரிமுத்து: அதையேன் கேக்கறீங்க! போன மாசம் வரைக்கும் ஒரு சொம்பு. இப்ப அரைச் சொம்புதான் குடுக்கறா. கல்யாணமாகி முப்பது வருசத்துல இப்படி ஒரு கொடுமைய நான் பாத்ததில்ல.

யுவராணி: அரைச் சொம்பா? யாரு கொறைக்கச் சொன்னாங்க?

லூர்தம்மாள்: நா… நானாத்தான். வெயில் காலம் இல்லியா?

யுவராணி: வெயில் காலத்துல கொறைக்கறீங்களா?

லூர்தம்மாள்: டீ போடட்டுமா சிஸ்டரு?

யுவராணி: வேணாங்க்கா. உக்காருங்க. இத மறைச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. எடை எறங்கலன்னா, வூட்ல பை போடறத நிறுத்திட்டு தருமபுரியில ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு மாத்திடலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. வாரம் மூணு நாளு.

சவரிமுத்து: மூணு நாளா? கம்பைநல்லூர்ல பஸ்சு ஏறி, ஊசி குத்தி, நாலு மணி நேரம் படுத்துட்டு, திரும்பி வந்தா அன்னிக்குப் பூராவும் படுக்கதான். ஜூன் மாசம் இஸ்கூல் யூனிபாரம் எரநூறு செட்டு ஒத்துக்கிட்டிருக்கன்!

லூர்தம்மாள்: யூனிபாரம் கெடக்கட்டும். சிஸ்டரு, நாலு கிலோ ஏறுனா… உசுருக்கு ஏதாச்சும்…?

யுவராணி: தண்ணி நுரையீரலுக்கு ஏறுனா ஆபத்துதாங்க்கா. அதான் கேக்கறன். பை போடற நோட்ட எடுங்க.

சவரிமுத்து: நோட்டெல்லாம் கரெக்டா இருக்குது.

யுவராணி: காலைல வெளிய வந்த தண்ணி ரெண்டாயிரத்து எரநூறு மில்லி, அடுத்த நாளு ரெண்டாயிரத்து அம்பது… மாறி மாறி வருது. சாயங்காலமும் அப்படித்தான். மதியம்… ரெண்டாயிரத்து நூறு. ரெண்டாயிரத்து நூறு. ரெண்டாயிரத்து நூறு. முப்பது நாளும் ரெண்டாயிரத்து நூறு! எப்படிண்ணா?

சவரிமுத்து: மதியத்துல என் வயிறு ஒழுக்கமா நடந்துக்கும்.

யுவராணி: மதியம் யாரு எடை போடறது?

லூர்தம்மாள்: நான் நூறு நாள் வேலைக்குப் போயிடுவன். மதியத்துப் பைய அவரே போட்டுக்குவாரு.

யுவராணி: ஆனா காலிப் பை இருக்குதே… காலிப் பை பொய் சொல்லாதே! மூணு மாசம் ஆபீசுல உக்காந்து எல்லா ஊருக் கணக்கையும் எழுதுனவ நானு. பை காலியா வந்தா ஆளு ஒழுங்கா போடறாரு, வரலன்னா போடல. அவ்வளவுதான். பிளாஸ்டிக்கு குப்பைக்குப் போவாம உருக்கி பைப்பு பண்றதுக்குன்னுதான் இத ஆரம்பிச்சாங்க. எங்களுக்கு அதுவே ஒரு சாட்சி மாதிரி ஆயிடுச்சு.

சவரிமுத்து: அப்ப சாட்சி என் பக்கந்தான். கட்டு கட்டி எடுத்துட்டுப் போங்க.

யுவராணி: எடுத்துக்கறன்… இது என்னா? இந்த மூணு பையில மட்டும் வெள்ளையா ஒட்டிட்டு இருக்குது?

சவரிமுத்து: தையல் நூலு.

லூர்தம்மாள்: தலவாணிப் பஞ்சு.

யுவராணி: ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க.

லூர்தம்மாள்: தலவாணிக்குள்ள நூலு இருந்துது.

யுவராணி: அக்கா, எங்கப்பா பதினஞ்சு வருசம் பட்டுப்பூச்சி வளத்தவரு. தருமபுரி மார்க்கெட்டுக்கு மூட்ட கட்டறதுக்கு முன்னாடி கூட்டு மேல இருக்கற இந்தப் பஞ்ச உரிச்சே என் வெரலு தேஞ்சு போயிருக்குது. உங்க வூட்ல பூச்சி வளக்கல. அப்ப இந்தப் பை எந்த வூட்ல காலியாச்சு?

சவரிமுத்து: காத்துல பறந்து வந்திருக்கும்.

யுவராணி: அண்ணா, மதியப் பை உங்க வயித்துக்குள்ள போவுல. யாரு வயித்துக்குள்ள போச்சு?

லூர்தம்மாள்: சொல்லிடுங்க. எனக்கும் மூச்சு முட்டுது.

சவரிமுத்து: உனக்கு என்னா தெரியும்?

லூர்தம்மாள்: என்னா தெரியுமா? நீங்க கம்பைநல்லூருக்கு நூல்கண்டு வாங்கப் போறன்னு ஒரு முழுப் பைய சட்டைக்குள்ள வெச்சிட்டுப் போறதும், முந்தின நாளுக் காலிப் பையோட திரும்பி வர்றதும் எனக்குத் தெரியாதா? பை மேல ஒட்டுன பஞ்சத் தெனமும் தொடச்சவ யாரு? மூணு பை மட்டும் கண்ணுக்குத் தப்பிடுச்சு, பாவி நானு.

சவரிமுத்து: அடியே… அதனாலதான் தண்ணிய அரைச் சொம்பாக்குனியா?

லூர்தம்மாள்: வேறென்ன பண்ணச் சொல்றீங்க? ஒரு பை கொறையுது, தண்ணியாச்சும் கொறையட்டும்னு. குடுக்காதீங்கன்னு சொல்ல வாய் வரல. சொன்னா அந்தாளு செத்துடுவான்.

யுவராணி: எந்தாளு?

சவரிமுத்து: மாது. ஏரிக்கர மாது. பூச்சி வூடு வெச்சிருக்கறவன். அவனுக்கும் என்ன மாதிரியே கிட்னி போயிடுச்சு, அவனும் உங்க பைதான். போன மாசம் லிஸ்ட்டுலேர்ந்து அவன் பேர அடிச்சிட்டாங்க, அதுலேர்ந்து அவனுக்குப் பை வர்றதில்ல.

யுவராணி: மாது… வயசு அம்பது… மாது கிருஷ்ணப்பனா?

சவரிமுத்து: அவனேதான். உங்களுக்குத் தெரியுமா?

யுவராணி: பேரு… பேரு தெரியும். அவரு பை போடறதையே வுட்டுட்டாருன்னு… நாட்டு மருந்துக்குப் போயிட்டாருன்னு நெனச்சோம்.

சவரிமுத்து: யாரு சொன்னா? கொஞ்சம் ஒண்ணுக்குப் போறதுனாலயும், என் ஒரு பைனாலயும் உசுரு ஓடிட்டு இருக்குது. பத்தடி நடந்தா எளைக்கறான்.

யுவராணி: ஒரே ஒரு பையா! அதுவும் பூச்சி வூட்டுத் தூசியிலயா? அய்யோ அண்ணா… ஆனா ரெண்டு மாசமா அவருகிட்டேர்ந்து ஒரு காலிப் பைகூட வரலியே. ஒண்ணுகூட!

லூர்தம்மாள்: எப்படி வரும்? அவன் தோட்டத்துல போய்ப் பாரு.

யுவராணி: தோட்டத்துலயா?

சவரிமுத்து: போர்ல தண்ணி இல்ல. புதுசா நட்ட மாங்கன்னு காயுது. ஒவ்வொரு கன்னுக்கும் ஒரு குச்சி நட்டு, காலிப் பையில தண்ணி ரொப்பி மாட்டி வெச்சிருக்கான். அந்த டியூப்புல திருகு மாதிரி ஒண்ணு இருக்குதே, அதத் திருப்பி வெச்சான்னா சொட்டுச் சொட்டா நாளெல்லாம் எறங்குது. கன்னெல்லாம் தளுத்து நிக்குது. பாத்தா ஏதோ ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே இருக்கும்.

யுவராணி: அதச் சொல்லியிருக்கலாமே!

சவரிமுத்து: எப்படிச் சொல்லுவான்? ஆபீசுலேர்ந்து யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணி, ‘காலிப் பை எங்க’ன்னு வெரட்டிக் கேட்டுச்சாம். ஆஸ்பத்திரிப் பொருள எடுத்து மாங்கன்னுக்குக் கட்டிட்டன்னு சொன்னா கேசு போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டான். தொலஞ்சு போச்சுன்னு சொல்லிட்டான்.

யுவராணி: …நூத்தி இருவது பையும் எப்படித் தொலையும்னு அந்தப் பொண்ணு கேட்டிருக்கும்.

சவரிமுத்து: ஆமா, அப்படியேதான் கேட்டுச்சாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

லூர்தம்மாள்: அவ எவளோ, நல்லாருக்க மாட்டா! ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுதியிருந்தா இவரு காலு வீங்குமா, அவன் மூச்சு எளைக்குமா? நாக்காலியில உக்காந்த எடத்துலயே ஒரு மனுசன் பேர அடிச்சிருக்கா பாரு… ஏம்மா, ஏன் அழுவற? ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லலியே!

சவரிமுத்து: லூர்து, கொஞ்சம் சும்மா இரு. சிஸ்டரு… என்னாம்மா?

யுவராணி: நாந்தாங்க்கா அது. போன் பண்ணது நானு, பேர அடிச்சதும் நானு. இந்தக் கையாலதான்… காலிப் பை பொய் சொல்லாதுன்னு நம்பிட்டன். அவரு பை பதினஞ்சு பெட்டியும் எங்க குடோன்லதான் அடுக்கி வெச்சிருக்குது, இப்பவே போன் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்றன். நீங்க மதியப் பைய என் கண்ணு முன்னாடி போட்டுக்குங்கண்ணா. அக்கா, நீங்க மட்டும் என்கூட ஏரிக்கரைக்கு வாங்க… அந்த மனுசன் மூஞ்சில தனியா முழிக்க எனக்கு தைரியம் இல்ல.