பேரு சொல்லாமக் கூடை எழும்பாது

இந்தா பாருத்தா, நீ மண்வேலைக்குப் பொறுப்பா நேத்துத்தான் வந்த. வந்ததும் "கூட்டமா நில்லுங்க, போட்டோ எடுக்கணும்"ங்கிற. எடுத்துக்க, அது ஒன் பாடு. ஆனா அதுக்கு மின்னாடி இந்தக் கண்மாய்க் கரை கட்டுன கதையக் கேட்டுப்புடு.

ரொம்பக் காலத்துக்கு மின்னாடி, நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் மின்னாடி, இதே கொன்னக்குடியில இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்கு மூத்தவ. கரைக்கு நேர் கீழ அவளுக்கு ஒரு துண்டு நெலம், அப்பன் விட்டுட்டுப் போனது. அத விட்டா அவளுக்கு வேற ஒண்ணுமில்ல. ஒரு பெருமழையில கரை ஒடைஞ்சு போச்சு. அடுத்த மழைக்குள்ள கட்டணும்னு ஜமீன் உத்தரவு போட்டு, சாத்தப்பன்னு ஒரு வெளியூருக் கங்காணிய அனுப்பிச்சாராம்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை வாங்குறதுல அந்தாளு சூரப்புலி. ஆனா ஒருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டானாம். மண்ணு வெட்டுறவன் மம்பட்டி, சொமக்குறவ கூடை. ஏ மம்பட்டி, இங்க வெட்டு. ஏ கூடை, அங்க என்ன பேச்சு. இம்புட்டுத்தான் அவன் வாயில வர்றது.

கூடைன்னு கூப்பிட்டா கூடை மாதிரித்தான வேலை நடக்கும்? அரைக்கூடை அள்ளுனாகளாம், வந்த எடத்துல கொட்டுனாகளாம். கொட்டுன மண்ண மிதிச்சாத்தான கரை நிக்கும்? எவ மிதிச்சா? யாரு கரை, யாருக்கு என்ன வந்துச்சு? இருளாயியுந்தான். தன் நெலத்துக்கு மேல நிக்கிற கரைன்னு தெரிஞ்சும் அவளுக்கு மனசு ஒட்டலையாம். பகலெல்லாம் ஏத்துன மண்ணு ஒரு தூத்தலுக்கே சரிஞ்சு வந்துரும். அவன் கத்துவான். இவுக கொட்டுவாக. திரும்பச் சரியும்.

அப்படி ஒருநா சரிஞ்ச மண்ணு பேச்சிங்கிறவ மேல விழுந்து மூடிருச்சு. இருளாயிக்கு உசுருக் கூட்டாளி அவ. எல்லாரும் அலறிக்கிட்டு ஓடியாராக. கங்காணி கரை மேல நின்னுக்கிட்டு என்ன கேட்டான் தெரியுமா?

"எத்தனை கூடை கொறையுது?"

பாவி. ஒண்ணுதானா, மத்த கூடையெல்லாம் வேலையப் பாருன்னு வேற சொன்னானாம்.

இருளாயி அதக் காதுல வாங்கல. மண்ணோட மொகத்த வச்சுப் பேச்சி, ஏ பேச்சின்னு கூப்பிட்டா. கூப்பிட்டுக்கிட்டே ரெண்டு கையாலயும் பறிச்சா. உள்ளயிருந்து மொனங்குற சத்தம் வந்துச்சாம். அந்தச் சத்தத்த வச்சே தோண்டி எடுத்துட்டாக. உசுரு இருந்துச்சு.

இருளாயி எந்திரிச்சா. மண்ணும் மொகமுமா நேரா கங்காணி முன்னால போயி, கூடையக் கவுத்து வச்சு அது மேலயே உக்காந்துட்டா.

"எங்களுக்குப் பேரு இருக்கு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் இனிமே கூடை எழும்பும்."

எல்லாக் கூடையும் கவுந்துச்சு. மம்பட்டியெல்லாம் கீழ விழுந்துச்சு. கங்காணி பதமாச் சொல்லிப் பாத்தான், வஞ்சு பாத்தான். ஒண்ணும் நடக்கல. மேகம் வேற கருக்க ஆரம்பிச்சிருச்சு. கடைசியா அவளுக்கு நோவுற எடத்துல கை வச்சான். மழை வந்தா மொதல்ல போறது ஒன் நெலந்தாண்டின்னானாம்.

அவ அப்பன் கல்லுப் பொறக்கிப் பொறக்கிச் சீராக்குன நெலமாச்சே. இருந்தாலும் எந்திரிக்கலையே அவ.

"போகட்டும். பேரில்லாதவளுக்கு நெலம் எதுக்கு?"

மழைத்துளி விழவும் கங்காணிக்குப் பயம் வந்துருச்சு. ஜமீனுக்கு அவன்தான பதில் சொல்லணும்? ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி பேரு கேட்டான், கூப்பிட்டான். தப்பாக் கூப்பிட்டா ஆளு அசையாது, திரும்பக் கேக்க வச்சாகளாம். பேரு சொன்னதும் எந்திரிச்சவுக, இது என் பங்கு, அது ஒன் பங்குன்னு கரையப் பிரிச்சுக்கிட்டாக. கொட்டுனாக, மிதிச்சாக, கொட்டுனாக, மிதிச்சாக. எந்திரிக்க மாட்டாத பேச்சிகூட உக்காந்த எடத்துலயே மண்ணுல கல்லுப் பொறக்கிப் போட்டாளாம்.

எல்லாரையும் கூப்பிட்டவன் ஒருத்திய மட்டும் விட்டுட்டான். வீம்பு, வேறென்ன? இருளாயி நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தா. அவ பேரச் சொல்லாம மத்தவுகளும் அவ பங்க மட்டும் தொடல. கரை நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு வாய் பொளந்து கெடக்கு. தண்ணி அது வழியா அவ நெலத்துக்குள்ளயே எறங்குது. பாத்துக்கிட்டே இருக்கா. அழுதா, எவளும் அழத்தான செய்வா. ஆனா எடத்த விட்டு அசையல.

தண்ணி முழங்காலுக்கு ஏறவுந்தான் கங்காணி வாயத் தொறந்தானாம்.

"இருளாயி... கூடைய எடு, தாயி."

"இந்தா இருக்கேன்"னு எந்திரிச்சா. அத்தனை பேரும் அவளுக்கு மண்ணள்ளிக் குடுத்தாக. அவ கொட்ட, எல்லாரும் மிதிக்க, வாய் அடைஞ்சு போச்சு. நெலத்துல பாதி அரிச்சுக்கிட்டுப் போயிருச்சு, மீதி நின்னுச்சு. கரை இன்னைக்கும் நிக்குது. அந்தா, வேப்பமரத்துப் பக்கத்துல மேடாத் தெரியுதுல்ல, அதுக்குப் பேரு இருளாயி அடைப்பு.

அன்னையிலயிருந்து இந்த ஊருல பேரு கூப்பிடாம மண்வேலை தொடங்குறதில்ல. கடைசிப் பேரா இருளாயி பேரையும் கூப்பிடணும். இந்தா இருக்கேன்னு நாங்க எல்லாருஞ் சேந்து சொல்லுவோம். போன வருசம் ஒன் எடத்துல இருந்தவரு நேரமாச்சுன்னு அதத் தாண்டப் பாத்தாரு. பொழுது சாயுற வரைக்கும் நாங்க எந்திரிக்கல.

கூடையெல்லாம் கவுந்து கெடக்கு பாத்தியா? செல்லு போன உள்ள வையி. என் பேரு பூச்செண்டு. எங்கிட்டயிருந்தே கூப்பிட ஆரம்பி, தாயி.