சுண்டெலிக்கு ஏற்ற ஆட்டவிதி

சின்னப் பிராணிகளை வைத்து ஆடுகிற கதையாட்டத்துக்குச் சரியான விதிமுறை பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, ஐயா. யானை, புலி என்றால் எந்த விதியும் தாங்கும். சுண்டெலிக்கு அப்படியில்லை. கதவிடுக்கில் வால் மாட்டினாலே அதற்குப் பெரிய கண்டம். அந்தப் பயம் ஆடுகிறவனுக்கும் வரவேண்டும், ஆட்டமும் சட்டென்று முடிந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே விதிப்புத்தகத்தில் தேடினால் மண்டை காய்ந்துவிடும்.

உங்களுக்கு இது பழக்கமிருக்காது, அதனால் சொல்கிறேன். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். மூன்று பேர் ஆளுக்கொரு பிராணி, நான் கதையை நடத்துகிறவன். 'சாக்கடை ஓரமா வந்துட்டீங்க, எதிர்ல பூனை, என்னா பண்றீங்க?' என்று கேட்பேன். அவர்கள் அந்தப் பிராணியாகவே பதில் சொல்லவேண்டும். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நெல்லித்தோப்பில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடுவோம். கதை நடக்கிற இடம், மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலை. அது என் கற்பனைதான். ஊரில் எல்லோருக்கும் வாரத்துக்கு ஒரு சினிமா இருந்தது, எனக்கு அந்த மேசை இருந்தது.

வெற்றிச்செல்வன் ஓணான். சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், வாய் ஓயாது. சிந்துஜா அணில். காலாப்பட்டில் எம்.சி.ஏ. படித்தாள். புராஜெக்ட்டை பைண்டிங் செய்யக் கடைக்கு வந்தவளை நான்தான் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். மூன்றாவது இளஞ்செழியன், சுண்டெலி. சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வெற்றி அழைத்து வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அவனைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லமாட்டேன்.

அவன் வந்த பிறகு அணில் எப்போதும் சுண்டெலி பின்னாலேயே போனது. நான் பூனையை விட்டால் அணில் குறுக்கே விழும், தண்ணீரை விட்டால் அணில் வாலை நீட்டும். அப்புறம் மேசைக்கு வெளியிலும் அப்படி ஆகி, இரண்டு வீட்டிலும் பேசி, ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம், அதன்பின் பிரான்ஸ் என்று முடிவானது. எனக்கு வயிறு எரிந்தது, இல்லையென்று மறைக்கமாட்டேன். ஆனால் அது கொஞ்ச நாள்தான். அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை.

புது விதிமுறை வேண்டும் என்று கேட்டது வெற்றிதான். அந்த வருஷம் ஆனி மாதம், பழைய விதி அலுத்துவிட்டது என்றான். சரியென்று மூன்றை எடுத்து வைத்தேன்.

முதலாவது, இளஞ்செழியனின் சித்தி பாரிசிலிருந்து அனுப்பிய தடிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் பகடை, எல்லாவற்றுக்கும் அட்டவணை. அவனே பிரெஞ்சில் படித்து எங்களுக்குச் சொன்னான். ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஓணானைக் காக்காய் கொத்திக் கொன்றுவிட்டது. வெற்றியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதை மூடி வைத்தோம்.

இரண்டாவது மிகவும் சாதுவான விதிமுறை. பகடையே கிடையாது. யாருக்காவது ஆட்டம் பிடிக்கவில்லை, மனசு சரியில்லை, எழுந்து போகவேண்டும் என்றால் கையைத் தூக்கினால் போதும். எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சிந்துஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆடிக்கொண்டிருக்கும்போது இளஞ்செழியன் கையைத் தூக்கினான், சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனான். விதிப்படி யாரும் கேட்கவில்லை. பேப்பர் கட்டு எடுக்க நானும் கீழே போனேன். அவன் கடைக்குள் நின்று, பையிலிருந்து சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். கை நடுங்கியது. சட்டையெல்லாம் வேர்வை.

என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். சின்ன வயதிலிருந்தே சுகராம். தினமும் ஊசியாம். பெண் வீட்டில் சொல்லவில்லை. 'சிந்துகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. நிச்சயம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். ஊசி போட்டுட்டா ஒடனே சாப்பிட்டுடணும், இல்லன்னா சர்க்கர எறங்கி இப்படித்தான் ஆயிடும். வேற ஒண்ணும் பயமில்ல' என்றான். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், ஐயா. கட்டிக்கொள்ளப் போகிறவளிடமே மறைக்கிறான். கண் காணாத தேசத்துக்குக் கூட்டிப்போய், ஒருநாள் இவன் விழுந்தால் அந்தப் பெண் யாரிடம் போய் நிற்கும்? அவளுக்காக யோசிக்க அங்கே வேறு யாரும் இல்லை. நான் யோசித்தேன்.

மூன்றாவது விதிமுறையை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி என் மெஷினிலேயே பிரிண்ட் எடுத்தேன். மெல்லிசுதான். ஆட்டம் தொடங்கிவிட்டால் மனிதனாகப் பேசக்கூடாது, அந்தப் பிராணியாகத்தான் பேசவேண்டும். மனிதக் குரலில் ஒரு வார்த்தை வந்தாலும், மேசையை விட்டு எழுந்தாலும் அந்தப் பிராணி அங்கேயே சாகும். செத்த பிராணிக்கு உரியவர் பாயில் படுத்துக்கொள்ளவேண்டும், கடைசிவரை யாரும் அவரைத் தொடக்கூடாது, பேசக்கூடாது. படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சுண்டெலியின் பயத்தை இதைவிட நன்றாக எந்த விதியும் கொண்டுவராது. பை, செல்போன், தின்பண்டம் எதுவும் மேலே வரக்கூடாது என்ற விதி அதில் இல்லை, அதை நான் சேர்த்தேன். கதை நடத்துகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

வெற்றி துள்ளிக் குதித்தான். சிந்துஜாதான் கொஞ்சம் இழுத்தாள். 'யாருக்காச்சும் நெஜமாவே ஒடம்பு முடியலன்னா என்னாண்ணா பண்றது?'

'வாயத் தொறந்து சொல்லிட வேண்டிதாம்மா. பிராணிதான் சாவும், ஆளா சாவப்போறாங்க' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இளஞ்செழியனும் சிரித்தான்.

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். வழி எப்போதும் திறந்துதான் இருந்தது. 'எனக்கு சுகர்' என்று அவன் சாதாரணக் குரலில் சொல்லியிருந்தால் ஆட்டம் அவனுக்கு முடிந்திருக்கும். கல்யாணமும் ஒருவேளை நின்றிருக்கும். ஆள் பிழைத்திருப்பான். நான் தீர்மானிக்கவில்லை, தீர்மானத்தை அவனிடமே விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என் செலவு என்று சொல்லியிருந்தேன். மூவரும் வந்து உட்கார்ந்ததும், 'பிரியாணி பார்சல் வந்துடுச்சு, கீழ இருக்கு' என்றேன். இளஞ்செழியன் வழக்கம்போல் கீழே பாத்ரூமுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு மேலே வந்தான். அதற்குள் நான் தொடங்கிவிட்டேன். பஞ்சாலைக் கேன்டீனில் எலி மருந்து வைத்திருக்கிறார்கள், கதவு சாத்திவிட்டது, வெளியே போக வழி கண்டுபிடித்தால்தான் இன்றைக்குச் சாப்பாடு. வெற்றி உங்களிடம் வந்து அந்தப் பார்சலைப் பற்றிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவன் சொன்னது சரிதான். பார்சல் வரவே இல்லை, நான் வாங்கவே இல்லை.

மேசை நடுவில் ஒரு தட்டில் வெல்லத்தைத் துண்டு துண்டாக உடைத்து வைத்திருந்தேன். நிஜ வெல்லம். கதையில் அதுதான் மருந்து கலந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் இருந்தால் ஆட்டத்தில் உயிர் வரும்.

கொஞ்ச நேரத்தில் சுண்டெலியின் பேச்சு மந்தமானது. நெற்றி வேர்த்தது. என்னைப் பார்த்தான். நான் அடுத்த காட்சியைச் சொன்னேன். பிறகு அவன் சிந்துஜா பக்கம் திரும்பி, பாவம், சுண்டெலிக் குரலிலேயே கேட்டான். 'அணிலே, பசிக்குது. அந்த வெல்லத்துல ஒரு துண்டு குடேன்.'

ஓணான் குறுக்கே விழுந்தது. 'அடேய் சுண்டெலி, அதுல மருந்து வச்சிருக்கான்டா. தின்னா, போய்ச் சேந்துடுவ.'

அவன் கையை நீட்டினான். சிந்துஜா தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'என் சுண்டெலிய நான் சாவ வுடமாட்டேன்' என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பிரியம்.

அவன் இன்னொரு முறை கேட்டான். வார்த்தை குழறியது. கண் எங்கேயோ போனது. 'என்னா ஆக்டிங்குடா சாமி' என்று வெற்றி கைதட்டினான், அப்புறம்தான் ஓணான் கைதட்டாது என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். வேறு எந்த மேசையாக இருந்தாலும் அந்நேரம் யாராவது ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி வந்திருப்பார்கள். எங்கள் மேசையில் நன்றாக நடிப்பது மரியாதை. இளஞ்செழியன் அப்படியே சரிந்து மேசையில் தலை வைத்தான். நான் பகடையை உருட்டி, சுண்டெலி பசியிலேயே செத்துவிட்டது என்றேன். பகடையில் என்ன விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

நானும் வெற்றியும் தூக்கிப் பாயில் கிடத்தினோம். ஆள் தானாகவே துவண்டு கொடுத்தான், வெற்றிக்கு அதுவும் நடிப்பாகத்தான் பட்டது. சிந்துஜாவின் கண்ணில் தண்ணீர். சுண்டெலிக்காக அழுதாள், அணிலாகவே. அதன்பின் வெயில் சாயும்வரை ஆடினோம். நன்றாகவே ஆடினோம். அணிலும் ஓணானும் தப்பித்தன. நடுவில் பாயிலிருந்து குறட்டைபோல ஒரு சத்தம் வந்தது. தூங்கிட்டான் என்று வெற்றி சைகை காட்டினான். நானும் சிரித்தேன்.

எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. அடித்துப் பிடித்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. கண் திறக்காமலேயே மறுநாள் போய்விட்டான். சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது, ஒரு வாய் இனிப்பு உள்ளே போயிருந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்திருப்பான் என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் அப்பாவிடமும் என்னிடமும் மட்டும்தான் சொன்னார். அந்த அப்பா அதை யாரிடமும் சொல்லும் நிலையில் இல்லை.

மற்றவர்களுக்குச் சுகரில் போய்விட்டான் என்று மட்டும் தெரியும். சிந்துஜாவுக்கும் அவ்வளவுதான். சவ எடுப்பு முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணா' என்று விம்மினாள். பிறகு கொஞ்சம் தேறி, 'நல்லவேள, அந்த வெல்லத்த நான் தரல. சுகர் இருக்கிற ஒடம்புக்கு அதக் குடுத்திருந்தா, நானே கொன்னிருப்பேன்' என்றாள். ஆமாம்மா என்றேன். அதை ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நடமாடுகிறது. இன்னமும் வாரா வாரம் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். சாட்சிக்கு அவளைக் கூப்பிடுவீர்கள், அப்போது டாக்டர் சொன்னதும் வெளியே வரும். அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், ஐயா, அவள் மனசு தாங்காது. இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விதியைத் தேர்ந்தெடுத்தது நான், சாப்பாடு வாங்காமல் விட்டது நான், தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்ததும் நான். ஆனால் அவன் கை எட்டுகிற இடத்தில்தான் வெல்லத்தை வைத்திருந்தேன். அந்தத் தட்டை நகர்த்தியது அவள்தான்.