அடுத்த லீவு வரைக்கும் தாங்குமா?

அரிமளம் டவுன் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரத்துப் பெண் திருச்சியில் மார்பைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷன் செய்துகொண்டவள் என்பது, அவள் குரலைத் தாழ்த்தாததால் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

“அடுத்த லீவுக்கு வர்ற வரைக்கும் தாங்குமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கச் சொன்னாருக்கா, எங்க வீட்டுக்காரரு. துபாயிலேருந்து.”

பக்கத்திலிருந்த அக்கா திரும்பினாள். “கேட்டியா?”

“கேட்டேன். தழும்பு மங்கும், முழுசா மறையாதாம். வயசாக வயசாகத் திரும்பவும் தளரத்தான் செய்யுமாம். கொமரியாவெல்லாம் ஆக்க முடியாதுன்னுட்டாங்க.”

“அவரு என்ன சொன்னாரு?”

“வீடியோ கால்ல பாத்துட்டு, ‘இவ்வளவுதானா’ன்னாரு.”

“ஏன்டி, போன லீவுக்கு மண்டையில முடியில்லாம, தொந்தியத் தள்ளிக்கிட்டு ஏர்போர்ட்ல வந்து நின்னாரே. ஒனக்கே அடையாளம் தெரியல. அப்ப நீ ‘இவ்வளவுதானா’ன்னு கேட்டியா?”

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

“எங்கிட்டுக் கேக்குறது? ‘இப்புடி எளச்சுப் போயிட்டீங்களே’ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.”